சூட்கேஸில் வந்த கியூ டென்

அமெரிக்காவில் இருந்து பிள்ளைகள் கிறிஸ்துமஸ் லீவுக்கு நாசரேத் வந்தால், முன்பெல்லாம் பெட்டியில் இருந்து சாக்லேட்டும் சென்ட் பாட்டிலும் வெளியே வரும். இப்போது அம்மா அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சாக்லேட் கொடுத்தால் சுகர் ஏறும். அதனால் பெட்டியில் வருவது மாத்திரை டப்பா. மூட்டுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, மீன் எண்ணெய் ஒன்று. அந்த வரிசையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெயர் கோஎன்சைம் கியூ10. ஊர் வாயில் அது 'கியூ டென்' ஆகிவிட்டது.

வீட்டுக்கு ஒரு டீச்சர், தெருவுக்கு ஒரு நர்ஸ் என்று சொல்லக்கூடிய ஊர் நாசரேத். 19-ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவமனையைக் கண்ட ஊர். அங்கேயே ஒரு டப்பா மாத்திரை இரண்டு வீடுகளை ஆட்டிப் பார்த்துவிட்டது.

முதல் வீடு ஓய்வு பெற்ற கணக்கு சாருடையது. வயது 71. நான்கு வருடம் முன்பு திருநெல்வேலியில் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்று முதல் காலையில் ஆஸ்பிரின், ராத்திரி கொலஸ்ட்ரால் மாத்திரை, நடுவில் பிரஷருக்கு ஒன்று. மாத்திரைகளை எண்ணிக் கையில் கொடுப்பது மனைவி. அவரும் ஓய்வு பெற்ற ஆங்கில டீச்சர். மகன் நியூஜெர்சியில். போன டிசம்பரில் வந்தபோது, "இதயத்துக்கு ரொம்ப நல்லதுப்பா, அங்க எல்லாரும் எடுக்கறாங்க" என்று பெரிய டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சாருக்கு அது சரியான நேரத்தில் வந்ததுபோல் இருந்தது. சில மாதங்களாகக் கெண்டைக்காலில் வலி. ஸ்டேஷன் வரை நடந்துபோய்ப் பேப்பர் வாங்கி வருகிறவர், பாதியில் நின்றுவிடுவார். கொலஸ்ட்ரால் மாத்திரை உடம்பில் உள்ள கியூ டென்னைக் குறைத்துவிடும், அதனால்தான் தசை வலி என்று யாரோ அனுப்பிய வீடியோ சொன்னது. கணக்கு வாத்தியார் கணக்குப் போட்டார். குறைப்பதை நிறுத்து, குறைந்ததைச் சேர். கொலஸ்ட்ரால் மாத்திரையை யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் கியூ டென்னை வைத்துக்கொண்டார்.

வீடியோ சொன்னதில் பாதி நிஜம். அதுதான் இதில் சிக்கலே.

கியூ டென் ஒன்றும் வியாபாரத்துக்காகக் கட்டிய கதை இல்லை. 1957-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபிரடெரிக் கிரேன் என்பவர் மாட்டின் இதயத்தில் இருந்து அதைப் பிரித்தெடுத்தார். அடுத்த வருடமே மெர்க் நிறுவனத்தில் இருந்த கார்ல் ஃபோக்கர்ஸ் குழு அதன் அமைப்பைக் கண்டுபிடித்தது. உடம்பின் எல்லாச் செல்லிலும் இருப்பதால் 'எங்கும் இருப்பது' என்ற பொருளில் யுபிகுவினோன் என்றும் பெயர் வைத்தார்கள். செல்லுக்குள் ஆற்றல் எப்படி உண்டாகிறது என்று விளக்கியதற்காக பீட்டர் மிட்செலுக்கு 1978-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த விளக்கத்தில் இந்தப் பொருளுக்கு முக்கியமான வேடம்.

அது செய்யும் வேலையைத் தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்வது சுலபம். துறைமுகத்துக்குக் கப்பலில் நிலக்கரி வந்துவிட்டால் மட்டும் அனல்மின் நிலையத்தில் கரண்ட் வந்துவிடாது. கப்பலில் இருந்து கொதிகலன் வரை அதைக் கொண்டுசேர்க்கும் கன்வேயர் பெல்ட் ஓடவேண்டும். நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற குட்டி மின்நிலையங்கள் இருக்கின்றன. சாப்பிட்ட சோற்றில் இருந்து கிடைக்கும் எலெக்ட்ரான்களை அங்கே ஓரிடத்தில் வாங்கி அடுத்த இடத்தில் சேர்க்கும் பெல்ட்தான் கியூ டென். நாளுக்குச் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிற இதயத்துக்கு ஓய்வே கிடையாது. அதனால் அங்கே இந்தப் பெல்ட் நிறைய இருக்கிறது. வயது ஏற ஏறக் குறைகிறது.

இதுவரை சரி. ஆனால் பெல்ட் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்தில் இன்னொரு பெல்ட்டைக் கொண்டுபோய் இறக்கினால் கரண்ட் இரண்டு மடங்காகிவிடுமா? ஆகாது. நல்ல ஆரோக்கியமாக இருக்கிறவர் கியூ டென் சாப்பிட்டால் சுறுசுறுப்பு பொங்கும் என்று டப்பாக்காரர்கள் சொல்வதற்கு உறுதியான ஆதாரம் இல்லாததன் காரணம் இதுதான். உடம்பு தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. சாப்பாட்டில் இருந்தும் நாளுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் கிடைக்கிறது. நாசரேத் தெருக்களில் காலையில் வண்டியில் வரும் சாளை மீனில் 100 கிராமுக்குச் சுமார் 6 மில்லிகிராம் இருக்கிறது. நிலக்கடலையிலும் எள்ளிலும் கொஞ்சம் உண்டு. அதற்காக, 100 மில்லிகிராம் கேப்ஸ்யூலுக்குப் பதில் சாளைக் குழம்பு போதும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒன்றரைக் கிலோ சாளையை ஒரே நாளில் யார் சாப்பிடுவது?

சரி, பெல்ட் பழுதான இதயத்துக்கு? அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஜப்பானில் 1974-லேயே இதயச் செயலிழப்புக்கு, அதாவது பம்ப் பலவீனமாகிப்போன இதயத்துக்கு, துணை மருந்தாக இதை அனுமதித்தார்கள். பிறகு பல நாடுகள் சேர்ந்து 'கியூ சிம்பயோ' என்ற சோதனையை நடத்தின. முடிவு 2014-ல் வெளியானது. இதயச் செயலிழப்பு உள்ள 420 பேர். பாதிப் பேருக்கு தினம் மூன்று வேளை 100 மில்லிகிராம் கியூ டென், மீதிப் பேருக்கு அதே மாதிரி தோற்றத்தில் மருந்தில்லாத மாத்திரை. நான்கு மாதத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு வருட முடிவில், இதயம் சார்ந்த பெரிய ஆபத்துகள் கியூ டென் எடுத்தவர்களில் 15 சதவிகிதம் பேருக்கு, எடுக்காதவர்களில் 26 சதவிகிதம் பேருக்கு வந்திருந்தன. சின்ன வித்தியாசம் இல்லை. ஆனாலும் 420 பேர் என்பது இதய மருந்துச் சோதனைகளில் சின்ன எண்ணிக்கைதான். அதனால் இதய மருத்துவர்கள் இதைக் கட்டாய மருந்துகளின் பட்டியலில் இன்னும் ஏற்றவில்லை.

இந்தச் சோதனையைக் காட்டி கேப்ஸ்யூல் விற்பவர்கள் ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள். அந்த 420 பேரும் தங்களுடைய வழக்கமான இதய மாத்திரைகளை எடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள். கியூ டென் கூடுதலாகக் கொடுக்கப்பட்டதே தவிர, எதையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் கொடுக்கப்படவில்லை. நம் சார் செய்தது நேர் எதிர். அவருக்கு பம்ப் பலவீனமும் கிடையாது, குழாயில்தான் அடைப்பு.

கொலஸ்ட்ரால் மாத்திரை பற்றி வீடியோ சொன்ன மற்ற பாதிக்கு வருவோம். ஜப்பான்காரர் அகிரா எண்டோ 1970-களில் பூஞ்சையில் இருந்து கண்டெடுத்த ஸ்டாட்டின் வகை மருந்துகள் அவை. கல்லீரலில் கொலஸ்ட்ரால் உண்டாகும் பாதையை ஆரம்பத்திலேயே அடைக்கின்றன. கியூ டென் உண்டாவதும் அதே பாதையில்தான். எனவே ரத்தத்தில் கியூ டென் அளவு குறைவது உண்மை. ஆனால், தசை வலிக்கு அதுதான் காரணமா, கேப்ஸ்யூல் சாப்பிட்டால் வலி போகுமா என்று பார்த்த சோதனைகள் ஆளுக்கொரு பதில் சொல்கின்றன.

இதைவிட சுவாரஸ்யமான ஒரு சோதனை லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நடந்தது. 2020-ல் வெளியானது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்கு ஒரு வருடத்துக்கான பாட்டில்கள் கொடுத்தார்கள். சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் வெறும் மாத்திரை, சில மாதம் காலி பாட்டில். ஸ்டாட்டின் மாதங்களில் வந்த தொந்தரவில் 90 சதவிகிதம், வெறும் மாத்திரை மாதங்களிலும் வந்தது! வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. வலி நிஜம்தான், அதை வரவழைப்பது பல நேரம் மருந்தைவிட மருந்தைப் பற்றிய பயம். சோதனை முடிந்ததும் பாதிப் பேர் திரும்ப ஸ்டாட்டினுக்கே போனார்கள்.

சார் மாத்திரையை நிறுத்திய விஷயத்தைக் கண்டுபிடித்தது டீச்சர்தான். பட்டையில் மாத்திரை குறையவே இல்லை.

"என்னங்க இது? ராத்திரி மாத்திரைய முழுங்குதீங்களா, இல்ல ஜன்னல் வழியா போடுதீங்களா?"

"அதுக்குப் பதிலாத்தான் இத எடுக்கேன். இதுல என்ன தப்பு?"

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவைத் திருப்பினார். முன்பக்கம் பெரிய எழுத்தில் இதயப் படம், ஆற்றல், ஆரோக்கியம். பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி: எந்த நோயையும் கண்டறியவோ, குணப்படுத்தவோ, தடுக்கவோ இந்தப் பொருள் தயாரிக்கப்படவில்லை. அமெரிக்கச் சட்டப்படி இத்தகைய டப்பாக்களில் இந்த வரி இருக்கவேண்டும். இந்தியாவில் விற்கும் டப்பாக்களிலும் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட்டாக வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. நம் வீட்டில் இருக்கும் டப்பாவையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

அடுத்த வாரம் இருவரும் ரயிலேறித் திருநெல்வேலி போனார்கள். ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. டாக்டர் கோபப்படவில்லை. தசை நொதி, தைராய்டு, வைட்டமின் டி மூன்றையும் பார்க்கச் சொன்னார். தைராய்டு மந்தமாக இருந்தது. அது ஒன்றே தசை வலியைக் கொண்டுவரும்; ஸ்டாட்டினோடு சேர்ந்தால் இன்னும் கூட்டும். அதற்கு மருந்து எழுதி, சில வாரம் கழித்து வேறொரு ஸ்டாட்டினைக் குறைந்த அளவில் தொடங்கினார்.

"அப்போ கியூ டென்?" என்றார் சார், தோற்றுப்போன பையன் குரலில்.

"மகன் ஆசையா வாங்கிக் குடுத்தது, வீணாக்க வேண்டாம். கொழுப்புல கரையுற சரக்கு, அதனால காலைச் சாப்பாட்டோட சாப்பிடுங்க. உங்களுக்கு இதனால கெடுதல் இல்ல. தீர்ந்தா திரும்ப வாங்கணும்னும் அவசியம் இல்ல."

2023 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம் நினைவிருக்கிறதா? நெஞ்சுவலி என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடுகிறவருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே அவசர மாத்திரைகள் கொடுத்துவிடுகிறார்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அடார்வாஸ்டாட்டின் என்று மூன்று மருந்து. மூன்றாவது, சார் சந்தேகப்பட்ட அதே ஸ்டாட்டின் குடும்பம். அரசாங்கம் இலவசமாகக் கொடுப்பதாலோ என்னவோ, நம் ஆட்களுக்கு அதன் மேல் மரியாதை கம்மி. டாலரில் வாங்கியது என்றால் தனி மரியாதைதான்.

இரண்டாவது வீட்டுக் கதை அசன விருந்தில் தொடங்கியது. ஊர் கூடிச் சாப்பிடும் பந்தியில், சார் தெம்பாக இருப்பதைப் பார்த்து எதிர்வீட்டு அம்மா விசாரித்திருக்கிறார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்து, இப்போது உள்ளே இருப்பது உலோக வால்வு. அதில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க தினமும் வார்ஃபரின். "ஒரு இருபது மாத்திர தாங்க டீச்சர், எனக்கும் மூச்சு இரைக்கத்தான செய்யுது" என்று கேட்டதும், டீச்சரும் பேப்பரில் மடித்துக் கொடுத்துவிட்டார். சர்க்கரை, காபித்தூள் கொடுப்பதுபோல மாத்திரையும் வீடு மாறிப் போவது நம்மூரில் சகஜம்.

தெருவின் கடைசி வீட்டில் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் இருக்கிறார். இன்றும் ஊருக்கு அவர் 'சிஸ்டர்'தான். பேச்சோடு பேச்சாக விஷயம் அவர் காதில் விழுந்ததும், செருப்பைக்கூட மாட்டாமல் எதிர்வீட்டுக்குப் போய்விட்டார்.

"எத்தன நாளா சாப்பிடுதீங்க? கடைசியா ஐ.என்.ஆர். எப்ப பாத்தீங்க?"

கியூ டென்னின் வேதியியல் அமைப்பு வைட்டமின் கே-யின் சாயல் கொண்டது. வைட்டமின் கே ரத்தத்தை உறைய வைக்கும். வார்ஃபரின் அதைத் தடுக்கும். கியூ டென் சேரும்போது வார்ஃபரினின் பிடி தளர்ந்துபோன நோயாளிகளை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை. ஆனால் உலோக வால்வில் ஒரு சின்னக் கட்டி உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அங்கே பரீட்சை பார்க்க முடியாது.

மறுநாளே ரத்தம் எடுத்தார்கள். 2.5-க்கு மேல் இருக்கவேண்டிய ஐ.என்.ஆர்., 1.7. கேப்ஸ்யூல் உடனே நின்றது. டாக்டர் வார்ஃபரின் அளவை மாற்றிக் கொடுத்து, வாரம் ஒருமுறை பரிசோதனைக்கு வரச் சொன்னார். அந்த மாதம் வீட்டு மரத்தில் முருங்கைக்கீரை தழைத்து, வாரம் மூன்று நாள் கீரைதான் சமைத்திருந்தார்கள். அதிலும் வைட்டமின் கே நிறைய. இறக்கியது கீரையா, கியூ டென்னா, இரண்டும் சேர்ந்தா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. அந்த மூச்சிரைப்புக்குக் காரணம் ரத்தசோகை என்பது அதே பரிசோதனையில் தெரிந்தது. அதற்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதினார்கள்.

டீச்சர் அந்த மூன்று வாரமும் சரியாகத் தூங்கவில்லை. ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் எதிர்வீட்டு வாசலில் போய் நிற்பார். மூன்றாவது வாரம் 2.8 வந்தது. அன்று ராத்திரி மகன் வழக்கம்போல் போனில் கூப்பிட்டு, "அம்மா, அடுத்த மாசம் ஃப்ரெண்டு ஒருத்தன் ஊருக்கு வர்றான். கியூ டென் இன்னும் ரெண்டு டப்பா குடுத்து விடட்டுமா?" என்றார்.

"அவன் கையில குடுத்து விடுறது இருக்கட்டும்யா. முதல்ல அப்பா சாப்பிடுத மாத்திரை எல்லாத்தையும் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புதேன். ஒவ்வொண்ணும் எதுக்குன்னு நீ படிச்சு வச்சிக்க" என்றார் டீச்சர். போட்டோவில் ஏழு பட்டைகள் இருந்தன. மகனுக்கு அதில் இரண்டின் பெயர்தான் தெரிந்திருந்தது.