கரி எண் போட்ட தகரங்கள்

பூனாகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வீடு மாறுவதென்றால் முதலில் லொறி பேசுவதில்லை, ஆள் பேசுகிறார்கள். கடைசி வளைவைத் தாண்டி லொறி ஏறாது. அதற்கு மேல் தேயிலைக்கு நடுவே கல்படிதான்.

நான் போனது ஆவணியில். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஐப்பசி பிறந்தால் பதுளைப் பக்கம் அடைமழை. இடையில் கிடைக்கும் சில வாரங்களுக்குள் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருக்கும் குடும்பங்கள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும்.

சுமக்க வந்த நால்வரும் அதே தோட்டத்துக்காரர்கள். பெரியவர் ஒருவர் பொறுப்பு. வீடு மாறும் குடும்பத்தின் லயத்து அறையான காம்பராவுக்குள் போனவர் எதையும் தொடவில்லை. நின்று பார்த்தார். பிறகு அலமாரிக் கதவுகளைக் கழற்றச் சொன்னார். கண்ணாடியைக் கம்பளியில் சுற்றி, பழைய சேலையால் குறுக்கும் நெடுக்கும் கட்டினார்கள். படியில் இறங்கும்போது அவருடைய சட்டம் ஒன்றுதான்: "நெட்டையன் கீழ, குட்டையன் மேல." அப்படிப் பிடித்தால்தான் பாரம் முன்னே சரியாமல் மட்டமாக வரும். அந்த ஈரக் கல்லில் கால் வைத்துப் பார்த்தேன். வெறுங்கையோடு இறங்கவே எனக்குத் தவிப்பாக இருந்தது.

நான் வெகுநேரம் நின்று பார்த்தது குசினியைப் பிரித்த வேலையை. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். பின்னால் ஒட்டிக் கட்டிய குசினி மட்டும் அந்தக் குடும்பத்தின் காசு. ஒவ்வொரு தகரத்தையும் இறக்கும் முன் அடுப்புக்கரியால் எண் எழுதினார் பெரியவர். அதே வரிசையில் அடித்தால் பழைய ஆணி ஓட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும், ஒழுகாது. வளைந்த ஆணிகளை ஒரு பையன் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தான். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிக் கடிதம் எல்லாம் ஒரே பையில் அந்த வீட்டு ஆச்சியின் மடியில் இருந்தன. லொறியில் ஏற்ற அவர் கொடுக்கவில்லை.

இந்தத் திறமைக்கெல்லாம் நாள் வேண்டும். எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். போகச் சொன்னவர்கள் போய் இருக்க ஓர் இடம் காட்டவில்லை. தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் ஏறக்குறைய இரண்டு வருடம் கிடந்த பிறகுதான், 2016இல், மகல்தெனியவில் 75 வீடுகள் கிடைத்தன. 2023 மார்ச்சில் பூனாகலைக் கபரகலையிலும் மண் இறங்கியது. அலமாரியைக் கழற்றவும் தகரத்துக்கு எண் போடவும் தெரிந்த மனிதர்கள், உடுத்திய துணியோடு ஓட வேண்டியதாயிற்று. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

லொறியில் கனமானவை முன்பெட்டியை ஒட்டி நின்றன. இடைவெளிகளில் மெத்தை, மேலே பானைச் சாக்குகள். கோழிக் கூட்டைக் கடைசியில் ஏற்றினார்கள். மாடு மட்டும் நடந்தே போனது, பின்னால் வீட்டுக்காரர்.

புது இடத்தில் பால் காய்ச்சியதும் வீட்டுக்கார அக்கா சாரதியிடம் கேட்ட முதல் கேள்வி பஸ்ஸைப் பற்றியது. அக்காவின் பேர் இன்னும் தோட்டத்தின் பழைய டிவிசனில்தான் இருக்கிறது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு அங்கே நிற்க வேண்டும்.

"மொத பஸ் எத்தன மணிக்கு தம்பி?"

"அது பிந்தித்தான் வரும் அக்கா. நீங்க நடந்துதான் போகணும்."