தானமாக வந்த மாடு

"தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது" என்பது நம் முன்னோர் மொழி. கொடுத்தவர் மனம் நோகக்கூடாதே என்னும் நற்பண்பினின்று பிறந்த மொழி அது. நாமும் இதனை வகுப்பறையிற் பன்முறை மாணவர்க்கு எடுத்துரைத்ததுண்டு. ஆயினும், மாட்டைத் தானஞ்செய்ய வந்தவன் நம் பணப்பெட்டியின் திறப்பை முதலிற் கேட்பானாயின் என் செய்வது என்பதை முன்னோர் சொல்லிவைத்தாரல்லர். அவ்வாறான ஒரு மாடு 2022ஆம் ஆண்டிலே எம் வீட்டு வாயிலுக்கு வந்தது. அதன் கதையையே ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

அவ்வாண்டு பெப்ரவரி மாத நடுவில், ரொறன்ரோவில் வாழும் எம் மைத்துனர் தம் மருமகனாகிய எம் மைந்தனுக்கு இணையவழிக் கணினி விளையாட்டொன்றைப் பிறந்தநாட் பரிசாக வாங்கி அனுப்பினார். விளையாட்டின் விலையை அவரே செலுத்திவிட்டார். முதல் 30 நாட்கள் விளையாடுவதற்கு வேறு கட்டணம் இல்லை என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. அப்போது பத்தாம் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்த பையனுக்குக் கால் நிலத்திற் பாவவில்லை. அன்று மாலை சாய்மனைக் கதிரையிலிருந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த எம்மிடம் வந்து நின்றான்.

"அப்பா, உங்கட கடனட்டையை ஒருக்காத் தாங்கோ."

"ஏன் தம்பி? மாமா காசு கட்டிப்போட்டார், முதல் மாதம் சும்மா எண்டெல்லோ சொன்னனீ?"

"ஓமப்பா, சும்மாதான். ஆனால் அட்டை இலக்கத்தைப் பதிஞ்சால்தான் உள்ளுக்கு விடுமாம். இப்ப காசு ஒண்டும் எடுக்காதாம்."

சும்மா தருவதற்கு அட்டை எதற்கு என்னும் வினா எம் உள்ளத்தில் எழவே செய்தது. ஆனால் திருத்தவேண்டிய தாள்கள் மடியிற் குவிந்து கிடந்தன. பையனின் முகத்திலோ ஆவல் ததும்பியது. எழுந்து சென்று அட்டையின் பதினாறு இலக்கங்களையும் நாமே தட்டினோம். கீழே சிற்றெழுத்தில் நீண்டதொரு பந்தி இருந்தது. அதை வாசியாது, அதன் அருகிலிருந்த சிறு கட்டத்திற் சரி அடையாளம் இட்டவரும் நாமே. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

இவ்வகை விளையாட்டுக்களை அறியாத பெற்றோருக்காக ஒரு சிறு விளக்கம். இவை ஒருவர் தனித்து ஆடி முடிப்பனவல்ல. பல நாடுகளிலுமுள்ள ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் ஒரே கற்பனை உலகிற் புகுந்து உலாவுவர். அவ்வுலகை இரவு பகலாக இயக்கிக்கொண்டிருக்கப் பெருங் கணினிகளும் பணியாளரும் வேண்டும். ஆதலால், பத்திரிகைக்குச் சந்தா செலுத்துவதுபோல் இவற்றுக்கும் மாதச் சந்தா உண்டு. 1997இல் வெளிவந்த 'அல்டிமா ஒன்லைன்', 1999இல் வந்த 'எவர்குவெஸ்ட்', 2004இல் வந்த 'வேர்ள்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' ஆகியன இம்முறையிலேயே வளர்ந்தன. இறுதியிற் கூறியது 2010ஆம் ஆண்டில் ஒரு கோடியே இருபது இலட்சம் சந்தாதாரரைக் கொண்டிருந்தது. உழைப்புக்குக் கூலி கேட்பது நியாயமே. அதில் எமக்குப் பிணக்கில்லை. பிணக்கெல்லாம் 'இலவசம்' என்று சொல்லப்படும் அந்த முதல் மாதத்தைப் பற்றியதே.

பையன் சில நாட்கள் ஆசையோடு ஆடினான். பின்னர் நாட்டின் நிலைமை மாறியது. மின்வெட்டு நாளுக்கு நாள் நீண்டு, மார்ச் இறுதியில் ஒரு நாளிற் பதின்மூன்று மணி நேரத்தை எட்டியது. எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நிற்பதே குடும்பங்களின் முதற்கடமையாயிற்று. மே மாதத்திற் சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்த மாணவரை ஆயத்தம் செய்வதில் எமது பொழுது கழிந்தது. கணினியின்மேல் தூசி படிந்தது. விளையாட்டை எல்லோரும் மறந்தோம். அதை மறவாதிருந்தது ஒன்றே ஒன்று. அஃது எம் அட்டை இலக்கம் பதிந்திருந்த ஏடு.

மே இறுதியில் ஓய்வு கிடைத்தபோது, பிரிக்காது வைத்திருந்த வங்கிக் கூற்றுக்களை எடுத்துப் பார்த்தோம். மூன்று மாதமும் பதினைந்து டொலர் வீதம் அறவிடப்பட்டிருந்தது. டொலர்க் கணக்கில் மூன்றும் ஒரே தொகை. எம் ரூபாக் கணக்கிலோ முதன்முறை நாலாயிரத்தை அண்மித்தும், மறுமுறை ஐயாயிரத்தை நெருங்கியும், மூன்றாம் முறை ஐயாயிரத்தைக் கடந்தும் நின்றது. அவ்வாண்டு மார்ச் மாதத்திற் பெறுமதி சரியத் தொடங்கிய ரூபா செய்த வேலை அது. ஆகமொத்தம் பதினாலாயிரம் ரூபாவுக்கு மேல். பால்மா வாங்குவதற்கே கணக்குப் பார்த்த காலம் அது.

எமக்குச் சினம் தலைக்கேறியது. பையனைக் கூப்பிட்டோம். "நாங்கள் வரிசையிலை நிக்கிறம், நீ களவாய் விளையாடிக்கொண்டு இருக்கிறாய், என்ன?" என்று உரத்த குரலிற் கேட்டோம். அவன் திகைத்து நின்றான். "நான் விளையாடேல்லையப்பா" என்று மட்டும் சொன்னான். பொய்யும் சொல்கின்றாயோ என்று மேலும் கடிந்தோம். அவன் மறுமொழி கூறாது தலைகுனிந்து உள்ளே சென்றுவிட்டான்.

சமையலறையிலிருந்து எம் இல்லாள் வெளியே வந்தார். "இஞ்சாருங்கோ, மின்சாரம் இருந்தால்தானே பிள்ளை விளையாடுறது?" என்றார். அவ்வளவே.

கணக்கு ஆசிரியராகிய எமக்கு அந்த எளிய கணக்கு ஏன் தோன்றவில்லை? விளையாடினாலும் விளையாடாவிட்டாலும் சந்தா அறவிடப்படும் என்பது எம் மைந்தன் அறியாத செய்தி. அறிந்திருக்கவேண்டியவர் யார்? கட்டத்திற் சரி அடையாளம் இட்டவர். சிற்றெழுத்துப் பந்தியைத் தேடி எடுத்து அப்போதுதான் வாசித்தோம். முதல் மாதம் முடிவதற்குள் நிறுத்துமாறு அறிவித்தாலன்றி, மாதந்தோறும் தொகை அறவிடப்படும் என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தது. மாணவரை நோக்கி, "வினாவை முழுதும் வாசித்தபின் விடை எழுதுக" என்று இருபது ஆண்டுகளாக நாம் சொல்லிவருகின்றோம்.

எமது தவற்றை மறையாது ஒப்புக்கொண்டோம். எனினும் அம்முறையின் தன்மையையும் ஆராய்தல் வேண்டும். திருநெல்வேலிச் சந்தையிற் கறுத்தக்கொழும்பான் விற்பவர் ஒரு துண்டை வெட்டி, "சாப்பிட்டுப் பாருங்கோ" என்று நீட்டுவார். பிடித்தால் வாங்குவோம், இல்லையேல் நடப்போம். துண்டைத் தருமுன் நம் பணப்பையை வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டு, "வேண்டாம் என்று நீர் வந்து சொல்லும்வரை வாரம் ஒரு கூடை மாம்பழத்துக்குக் காசு எடுப்பேன்" என்று அவர் சொல்வதில்லை. சந்தையில், வேண்டும் என்று நாம் சொன்னாற்றான் வாணிகம். இங்கோ, வேண்டாம் என்று சொல்ல மறந்தாலே வாணிகம். இம்முறையின் இலாபம் பொருளின் சிறப்பினின்று மட்டும் வருவதன்று. மனிதரின் மறதியினின்றும் வருகின்றது.

இது எமக்கு மட்டும் நேர்ந்த குறையுமன்று. 2011 டிசம்பரில் 'ஸ்ரார் வோர்ஸ்: தி ஓல்ட் றிப்பப்ளிக்' வெளிவந்தபோதும், 2014 ஏப்ரலில் 'தி எல்டர் ஸ்குரோல்ஸ் ஒன்லைன்' வெளிவந்தபோதும், ஏறக்குறைய 60 டொலர் கொடுத்து விளையாட்டை வாங்கியவர்கள், அவ்விலைக்குள்ளேயே அடங்கிய 30 நாட்களை அனுபவிப்பதற்கும் கட்டணம் செலுத்தும் வழியொன்றை முதலிற் பதியவேண்டியிருந்தது. ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கிய வீட்டினுள் நுழைய இன்னொரு பிணை எதற்கு என்று பலர் முறையிட்டனர். பின்னர் முன்னையது 2012 நவம்பரிலும், பின்னையது 2015 மார்ச்சிலும் கட்டாயச் சந்தா முறையையே கைவிட்டன.

நிறுவனங்களின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. இலவச வாயிலைத் திறந்து விட்டால், ஒருவரே நூறு பெயரிற் புகுந்து, விளையாட்டினுள் வழங்கும் நாணயத்தைத் திரட்டி வெளியே விற்பர். தொல்லை தரும் விளம்பரங்களைப் பரப்புவர். அட்டை கேட்டால் அத்தகையோர் தயங்குவர். ஆனால் அதற்கு வேறு வழியும் உண்டு. 'ஃபைனல் ஃபன்ரசி 14' என்னும் விளையாட்டு, அட்டை எதுவும் கேளாமலே புதியவர்களை உள்ளே விடுகின்றது; 2017ஆம் ஆண்டு முதல் அந்த இலவச ஆட்டத்துக்குக் கால எல்லையும் இல்லை. மாறாக, இலவசமாய் வந்தவர் பண்டமாற்றுச் செய்யவும், சந்தையில் வாங்கி விற்கவும், பிறரைக் கூவி அழைக்கவும் இயலாதவாறு தடுத்து வைத்திருக்கின்றது. கள்வன் திருடக்கூடிய பொருளைப் பூட்டி வைப்பது ஒரு முறை. வந்த விருந்தினர் அனைவரின் பணப்பையையும் பிடித்து வைப்பது இன்னொரு முறை. எது பண்பு என்பதை வாசகரே தீர்மானிப்பாராக.

இத்தந்திரம் கணினியோடு பிறந்ததுமன்று. அமெரிக்காவிலே புத்தகக் கழகங்கள், மறுப்பு அட்டையை உரிய நாளில் திருப்பி அனுப்பாத உறுப்பினருக்கு நூலையும் அதன் விலைச்சிட்டையையும் அனுப்பிவந்தன. அதனை ஒழுங்குபடுத்த அங்கு 1973இல் விதியொன்று எழுந்தது. இணைய வாணிகம் பெருகியபின், 2010இல் இயற்றப்பட்ட சட்டம், அட்டை விபரத்தைப் பெறுமுன்னரே நிபந்தனைகளைத் தெளிவாகக் கூறவேண்டும் என்றும், நிறுத்துவதற்கு எளிய வழி இருத்தல்வேண்டும் என்றும் விதித்தது. நிறுத்துவதும் சேர்வதுபோல் எளிதாக இருக்கவேண்டும் என்று 2024இல் அறிவிக்கப்பட்ட கடுமையான விதியை 2025 ஜூலையில் நீதிமன்றம் தள்ளிவிட்டது. அயல்நாடாகிய இந்தியாவில், 2021 ஒக்டோபர் முதல், இவ்வாறு தானாக அறவிடுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னர் அட்டைக்குரியவருக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும் என்பது மத்திய வங்கியின் விதி. அத்தகைய ஓர் அறிவித்தல் அன்று எம் கைக்கு எட்டியிருப்பின், எம் வாயினின்று அச்சுடுசொற்கள் பிறந்திரா.

ஆதலின் பெற்றோருக்கும் மாணவருக்கும் நாம் கூறவிரும்புவன சில. இலவசம் என்று சொல்லி அட்டை கேட்கும் இடத்திற் சிற்றெழுத்தை இருவரும் சேர்ந்து வாசியுங்கள். விளையாட்டைத் தொடங்கிய அன்றே சந்தாவை நிறுத்திவிடுங்கள். பெரும்பாலான இடங்களில், நிறுத்தியபின்னும் தந்த நாட்கள் முடியும்வரை ஆடலாம். முற்பணம் செலுத்திய அட்டைகள் கிடைக்குமாயின் அவற்றையே பயன்படுத்துங்கள். தீர்ந்தால் அத்தோடு முடிந்தது. வங்கிக் கூற்றை மாதந்தோறும் பிரித்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கூற்றிற் புரியாத தொகை கண்டால் பிள்ளையைச் சந்தேகிக்குமுன் உங்கள் கையொப்பத்தைச் சந்தேகியுங்கள்.

அன்றிரவு மின்சாரம் இல்லை. கைவிளக்கோடு பையனின் அறைக்குச் சென்றோம். அவன் சுவரைப் பார்த்தவாறு படுத்திருந்தான். "பிழை என்னிலைதான் தம்பி. நான் வாசிக்காமல் ஒப்பம் வைச்சிட்டன். உன்னைப் பேசினது சரியில்லை" என்றோம். தந்தையர் பிள்ளைகளிடம் அவ்வாறு சொல்லும் வழக்கம் எம் காலத்தில் இருந்ததில்லை. சொல்லி முடிக்கச் சற்றுச் சிரமமாகவே இருந்தது. அவன் எழுந்து உட்கார்ந்தான். "காசு திரும்பி வராதோ அப்பா?" என்று கேட்டான். அறவிட்ட தொகை திரும்ப வரவில்லை. அவன் மட்டும் எம்மிடம் திரும்பி வந்தான்.

இப்போது எம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில், நல்லூர்த் தேருக்கும் தீபாவளிக்கும் இடையில் சிவப்பு மையாற் சில குறிப்புக்கள் காணப்படும். 'இன்று நிறுத்தவேண்டும்' என்று அவன் கையெழுத்தில் இருக்கும். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்க அவன் கற்றுக்கொண்டான். அவனோடு சேர்ந்து நாமும் கற்றோம்.