மிச்சில்

படப்பை என்பது பழந்தமிழ்ச் சொல். மனையை அடுத்துச் செடியும் கொடியும் மண்டி வளரும் தோட்டத்தைச் சங்கப் புலவர் படப்பை என்று வழங்கினர். அச்சொல்லையே பெயராகக் கொண்ட ஊர் ஒன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் பெருஞ்சாலையில், மண்ணிவாக்கத்தைக் கடந்து மேற்கே சென்றால் அவ்வூரை அடையலாம். ஏரிகள் சூழ்ந்த நிலப்பகுதி அது. ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகள் நிரம்பி வழியும் நீர் அடையாற்றிற் கலந்து, முடிச்சூர்ப் பக்கமாகச் சென்று, சென்னையில் கடலை அடையும். கீரையும் கத்தரியும் விளைந்த கொல்லைகள் பல இன்று வீட்டுமனைகளாகிவிட்டன. ஆயினும் பழைய வீடுகள் சிலவற்றின் பின்கட்டில் அம்மியும் உரலும் இன்னும் கிடக்கின்றன. அவ்வாறு கிடந்த அம்மி ஒன்று, 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள் இரவில் பெரும்பணி ஆற்றியது.

அவ்வாண்டு கார்த்திகை மழை சென்னையையும் அதன் சுற்றுப்புறத்தையும் வருத்தியதை அறியாதார் இலர். நவம்பர்த் திங்களிலேயே முடிச்சூரில் வெள்ளம் புகுந்து வடிந்திருந்தது. படப்பையில் வாழ்ந்த மூதாட்டி ஒருவரின் தமையனார் குடும்பம் முடிச்சூரில் இருந்தது. வானம் மீண்டும் கறுக்கக் கண்ட மூதாட்டி, மழை ஓயும் வரையில் தம் வீட்டில் வந்து தங்குமாறு அவர்களை வற்புறுத்தியிருந்தார். பெரியோரும் சிறியோருமாக ஒன்பது பேர் அன்று மாலை வருவதாக இருந்தது. அவர்களுள் குழந்தைகள் நால்வர். குழந்தைகளுக்குப் பூரி என்றால் உயிர். ஆகவே மூன்று கிலோ உருளைக்கிழங்கை வேகவைத்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் இஞ்சியும் வதக்கிச் சேர்த்து, ஓர் அகன்ற பாத்திரம் நிறைய மசியல் செய்து, மாலை ஐந்து மணிக்கு இறக்கி வைத்தார் மருமகள்.

அதன்பின் நினைத்தது ஒன்றும் நடக்கவில்லை. கோதுமை மாவு வாங்கச் சென்ற மகன், கடைகள் எல்லாம் அடைத்திருக்கக் கண்டு வெறுங்கையோடு நனைந்து திரும்பினார். மின்சாரம் நின்றது. தொலைபேசி ஓய்ந்தது. சாலையின் குறுக்கே நீர் ஓடுகிறது என்றும், இனிக் கிழக்கேயிருந்து வண்டி வாராது என்றும் வழிப்போக்கர் ஒருவர் சொல்லிச் சென்றார். வரவேண்டிய ஒன்பது பேரும் எங்கே இருக்கின்றனர் என்பதை அறிய வழியில்லை. அன்று தொடங்கி மறுநாள் காலை முடிய இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர் என்று பின்னர்க் கணக்கிட்டனர். ஆனால் அந்த அந்திப் பொழுதில் அளவு யாருக்குத் தெரியும்? கூரைமேல் விழும் நீரின் ஓசைதான் தெரிந்தது.

ஏழு மணி ஆயிற்று. மருமகள் மசியலை மூடி, “அத்தை, இதைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுகிறேன். நாளைக்கு அவர்கள் வந்ததும் சூடாக்கிக் கொடுப்போம்” என்றார்.

“மின்சாரம் இல்லாத குளிர்ப்பெட்டி வெறும் பெட்டிதானே அம்மா?” என்றாள் ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் மகள்.

“அவள் சொல்வது சரி. கிழங்கு விடியும் வரை தாங்காது. ஊசிப்போனதை என் அண்ணன் பிள்ளைகளுக்குக் கொடுப்பதா?” என்றார் மூதாட்டி.

“அப்படியானால் கொட்டத்தான் வேண்டும். இவ்வளவையும் நாம் எப்படி உண்பது?”

மூதாட்டி மறுமொழி கூறவில்லை. அதே நேரத்தில் தெருவின் தாழ்ந்த பகுதியிலிருந்து அயலார் சிலர், தலைமேல் மூட்டையும் இடுப்பிற் குழந்தையுமாக வந்து திண்ணையில் ஏறினர். அவர்கள் வீடுகளில் முழங்காலளவு நீர் புகுந்திருந்தது; அடுப்புகள் நனைந்துவிட்டன. வீட்டாரையும் சேர்த்து எண்ணினால் இருபது பேருக்குக் குறைவில்லை. மூதாட்டி அவர்களை உள்ளே அழைத்து, உலர்ந்த துணிகளை எடுத்துக் கொடுத்தார். பிறகு மூடியைத் திறந்து, மசியலை ஒருமுறை முகர்ந்து பார்த்து, “வாணலியை எடு” என்றார்.

பூரிக்கென்று செய்த மசியல் குழைவாக இருக்கும். அதனை அப்படியே உருட்டினால் கையில் ஒட்டும். எண்ணெயில் இட்டால் கரைந்து சிதறும். எனவே நீரை முதலில் வற்றச் செய்தல் வேண்டும். மூதாட்டி மசியலைப் பகுதி பகுதியாக வாணலியில் இட்டு, சிறு தீயில் புரட்டிப் புரட்டி, அது ஒரே திரளாகச் சுருண்டு வரும் வரை வதக்கினார். அடுத்து எஞ்சிய ஈரத்தை உறிஞ்ச ஏதேனும் ஒரு மாவு தேவை. வீட்டில் பொட்டுக்கடலை இருந்தது. பொடிசெய்யும் மின்பொறியோ இயங்காது. பல்லாண்டுகளாகத் துணி துவைக்கும் சோப்புக்கட்டியை வைக்கவே பயன்பட்ட அம்மி கழுவித் துடைக்கப்பட்டது. பேத்தி குழவியைப் பிடித்தாள். அவளுக்கு அது புதுமை. கடலை நாற்புறமும் தெறித்து ஓடியது. திண்ணைக் குழந்தைகள் அதனைப் பொறுக்கித் தின்றபோதுதான், அவர்கள் எவ்வளவு பசித்திருந்தனர் என்பது வீட்டாருக்குப் புலனாயிற்று.

பொட்டுக்கடலை மாவும் ஒரு பிடி அவலும் சேர்த்துப் பிசைந்து, தாம்பாளத்திற் பரப்பி ஆறவிட்டார் மூதாட்டி. “நேரமாகிறதே, சுடச்சுடத் தட்டிவிடலாமே” என்றாள் பேத்தி. “ஆறினால்தான் பிடிக்குப் பிடி நிற்கும்” என்றார் பாட்டி.

இவ்வெளிய சொல்லில் அடங்கிய உண்மை எண்ணத்தக்கது. கிழங்கு வேகும்போது அதன் மாவுச்சத்து மணிகள் நீரை உண்டு வீங்கிக் குழைகின்றன. ஆறும்போதோ அச்சத்தின் நுண்ணிழைகள் மீண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இறுகுகின்றன. ஆகவே சற்று முன் வெந்து ஆறிய கிழங்கு, அப்பொழுதே வெந்த கிழங்கைக் காட்டிலும் உருவத்தை நன்கு தாங்கும். மீந்த மசியல் புதிய மசியலுக்குத் தாழ்ந்தது என்று நாம் எண்ணுகிறோம். பொரித்தல் என்னும் ஒரு செயலுக்கு மட்டும் மீந்ததே உயர்ந்தது! ஆனால் இவ்வுயர்வு சில நாழிகைக்கே உரியது. வெந்த கிழங்கை வெப்ப நாட்டுக் காற்றில் நெடுநேரம் வைத்தால் நுண்ணுயிர்கள் பெருகும். அவற்றுட் சில விட்டுச்செல்லும் நஞ்சு, சுடும் எண்ணெயிலும் அழியாது. “பொரித்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்று கருதிப் பழுதுபட்டதை வாணலியில் இடுவோர் பெருந்தவறு செய்கின்றனர். மூதாட்டி இந்நூல்களைப் படித்தவர் அல்லர். எனினும் விளக்கு வைக்கும் வேளையில் மீந்ததை விளக்கு அணையுமுன் தீர்க்கவேண்டும் என்பது அவர் வீட்டுச் சட்டம்.

ஆறிய திரளை எலுமிச்சையளவு உருட்டி, உள்ளங்கையால் சற்றே தட்டி, நீர்க்கக் கரைத்த கடலைமாவில் தோய்த்து, ரவையிற் புரட்டி அடுக்கினர். எரிவாயு அடுப்பில் கடலை எண்ணெய் காய்ந்தது. ஒரு துளி மாவை இட்டதும் அது உடனே மேலெழுந்து வந்தது, அதுவே பதம். முதலில் இட்ட நான்கில் இரண்டு உடைந்தன. பேத்தி பொறுமையின்றிக் கரண்டியால் புரட்டியதே காரணம். “அதைத் தொடாதே. அடங்கிய பின் அதுவே உன்னைக் கூப்பிடும்” என்றார் பாட்டி.

எது அடங்குகிறது? ஓசைதான். எண்ணெயின் வெம்மை ஏறக்குறைய 180 பாகை செல்சியசு. நீரோ 100 பாகையில் ஆவியாகிவிடும். ஆகவே பண்டத்தின் மேற்புறத்து ஈரம் ஆவியாகிக் குமிழியிட்டுச் சீறி வெளியேறுகிறது. அவ்வாவி வெளியேறும் வரையில் எண்ணெய் எளிதில் உட்புகாது. ஈரம் குறையக் குறைய மேற்புறம் காய்ந்து ஓடுபோல் இறுகிப் பொன்னிறம் பெறுகிறது. அந்நிறமும் மணமும் தோன்றும் வேதிமாற்றத்தை 1912ஆம் ஆண்டில் விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மையார் பெயராலேயே அது வழங்கப்படுகிறது. உள்ளே இருக்கும் கிழங்கில் ஈரம் உள்ளவரை அதன் சூடு 100 பாகையைத் தாண்டுவதில்லை. எனவே அது மென்மை மாறாமல் இருக்கிறது. எண்ணெய் காயுமுன் இட்டால் ஓடு இறுகத் தாமதமாகும். பண்டம் எண்ணெயைக் குடித்துவிடும். மிகக் காய்ந்தபின் இட்டால் புறம் கருகும், அகம் குளிர்ந்திருக்கும். சீறும் ஓசை தணிவதைச் செவியாற் கேட்டே பதம் அறியும் முதியோர் நம் நாட்டில் பலர்.

உருளைக்கிழங்கு தமிழர் பழைய உணவு அன்று. தென் அமெரிக்காவின் ஆண்டிசு மலைநாடே அதன் தாயகம். அங்குள்ளோர் மீந்த கிழங்கைப் பனியில் உறையவிட்டு, மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் உலர்த்திச் ‘சூன்யோ’ என்னும் பெயரால் ஆண்டுக்கணக்கிற் சேமித்தனர். பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பா சென்ற அக்கிழங்கு, பின்னர்ப் போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவின் மேற்குக் கரையில் இறங்கிற்று. 1820க்குப் பிந்திய ஆண்டுகளில் சான் சல்லிவன் உதகையில் அதனைப் பயிராக்கினார். சென்ற இடமெல்லாம் அது எஞ்சியது. எஞ்சிய இடமெல்லாம் மக்கள் அதனைப் பொரித்தனர்! மொறுமொறுவென்று கடித்தலைக் குறிக்கும் வினையிலிருந்து பிரெஞ்சுக்காரர் ‘குரோக்கெட்’ என்று பெயரிட்டனர். சப்பானியர் அதனைக் ‘கொரொக்கே’ ஆக்கினர். மும்பையில் அது படாட்டா வடை. நம் தேநீர்க்கடையில் போண்டா. பெயர்கள் வேறு, ஆறிய கிழங்கு ஒன்றே.

அறுபதுக்கு மேற்பட்ட வில்லைகள் அன்று பொரிந்து வந்தன. மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆளுக்கு மூன்றாகப் பரிமாறினர். குழந்தைகள் கடிக்கும் ஓசை மழையின் ஓசையோடு போட்டியிட்டது. அயல்வீட்டுப் பெண்மணி ஒருவர் மட்டும் உண்ணாமல் கையில் வைத்திருந்தார். “உங்கள் உறவினருக்கென்று செய்தது அல்லவா? மிச்சமென்றால் பரவாயில்லை, அவர்கள் பங்கை நாங்கள் உண்பது எப்படி?” என்று தயங்கினார்.

அவரது தயக்கம் நுட்பமானது. தமிழில் எச்சில் வேறு, மிச்சில் வேறு. ஒருவர் வாய்பட்டது எச்சில். பிறர்க்கு இட்டபின் பாத்திரத்தில் எஞ்சியது மிச்சில். விருந்தோம்பலைப் பாடிய வள்ளுவர், விருந்தினர் உண்டபின் எஞ்சியதை மிச்சில் என்னும் சொல்லாலேயே சிறப்பித்தார். இக்காலத்தார் இவ்விரண்டையும் ஒன்றாக்கி, மீந்தது என்றாலே முகஞ்சுளிக்கின்றனர். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் வீணான உணவு 105 கோடி டன் என்றும், அதில் நூற்றுக்கு அறுபது பங்கு வீடுகளிலேயே வீணாயிற்று என்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டுள்ளது. அவற்றுள் ஊசிப்போனது எவ்வளவு, ‘நேற்றையது’ என்னும் பழிச்சொல்லால் மாண்டது எவ்வளவு?

மூதாட்டி அப்பெண்மணியின் அருகில் அமர்ந்து, “உன் பங்கை நீ உண். என் அண்ணன் பிள்ளைகளையும் இந்நேரம் எவரோ ஒருவர் உட்காரவைத்து உணவிட்டுக்கொண்டிருப்பார்” என்றார். சொல்லும்போது அவர் குரல் சற்றே நடுங்கியது. அப்பெண்மணி உண்டார். மூதாட்டி அன்றிரவு உறங்கவில்லை.

நான்காம் நாள், நீர் வடிந்த பாதையில் நடந்தும் சுமைவண்டியில் ஏறியும் ஒன்பது பேரும் வந்து சேர்ந்தனர். முடிச்சூரில் ஒரு மாடிவீட்டார் அவர்களுக்கு இடமளித்திருந்தனர். “என்ன உண்டீர்கள்?” என்பதே மூதாட்டியின் முதற்கேள்வி. “முதல் நாள் இரவு புளிச்சோறு, அவர்கள் வீட்டில் மீந்திருந்தது” என்றான் இளையவன்.

அதற்குப்பின் அவ்வீட்டில் ஒரு புதுவழக்கம் புகுந்தது. பூரி செய்யும் நாள்களிலெல்லாம் பேத்தி தன் தாயிடம் சொல்லி இரண்டு கிழங்கு கூடுதலாக வேகவைக்கிறாள். மாலையில் அது வில்லையாகிறது. மூதாட்டிக்கு இதில் உடன்பாடு இல்லை.

“மிச்சம் வேண்டுமென்றே சமைத்தால், அது எப்படியடி மிச்சமாகும்?” என்று கேட்டுக்கொண்டே தட்டை நீட்டுகிறார்.