களக்காட்டுப் புறவாசலில் ‘குதிரை முள்ளங்கி’ மரம்

சேரன்மகாதேவியில் இருந்து பணகுடி போகும் சாலையில் களக்காட்டை நெருங்கினால், பார்க்கும் இடமெல்லாம் வாழைதான். மேற்கே மலை. 1988-இல் புலிகள் காப்பகமான களக்காடு–முண்டந்துறைக் காடு அங்கேதான் இருக்கிறது. தலையணை வழியாக இறங்கும் பச்சையாறு குளங்களை நிரப்பி, வயல்களை நனைத்து, கடைசியில் தாமிரபரணியில் சேருகிறது. வயலில் நெல்லும் ஏத்தன் வாழையும் என்றால், வீட்டுப் புறவாசலில் முருங்கை. கிணற்றடியிலோ மதில் ஓரத்திலோ ஒரு மரமாவது நிற்கும்.

இந்த மரத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு பெயர்கள். ஒன்று, காயைப் பார்த்து வைத்த ‘ட்ரம்ஸ்டிக்’. மற்றொன்று ‘ஹார்ஸ்ரேடிஷ் மரம்’, அதாவது குதிரை முள்ளங்கி மரம். ‘மொரிங்கா’ என்ற தாவரவியல் பெயரோ நம் ‘முருங்கை’யில் இருந்தே போனது.

உண்மையான குதிரை முள்ளங்கி ஐரோப்பியச் செடி. கடுகு, முட்டைக்கோஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. வேர்த்துண்டை நட்டு வளர்ப்பார்கள். குளிர்காலத்தில் இலை கருகி, வேர் மண்ணுக்குள் உறங்கும்; பிறகு தளிர்க்கும். அந்த வேரைத் துருவி, காடி சேர்த்து, இறைச்சிக்குத் தொட்டுக்கொள்வார்கள். மூக்கில் ஏறும் காரம் அது. அப்படிப்பட்ட குளிர் களக்காட்டில் கிடையாது. விதையோ வேரோ வரவழைத்துப் பணம் போடுவது வீண்.

வெள்ளைக்காரர்களும் இங்கே அந்த வேர் கிடைக்காமல்தான் முருங்கையின் இளவேரைத் துருவிக் காடியில் போட்டுத் தின்றார்கள். பெயர் வந்த கதை அதுதான். முருங்கையும் கடுகும் தாவர வகைப்பாட்டில் ஒரே வரிசையில் வருபவை. இரண்டிலும் நசுக்கியவுடன் காரம் எழுப்பும் கந்தகப் பொருள்கள் உண்டு.

வேரைத் தொட வேண்டாம்

‘வெள்ளைக்காரனே தின்றானே’ என்று புறவாசல் மரத்தின் வேரைத் தோண்டக் கூடாது. முருங்கையின் வேர்ப்பட்டையில் நஞ்சுத்தன்மை உள்ள ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. பட்டையைச் சீவினாலும் முழுதும் நீங்கியது என்று வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை. கர்ப்பிணிகள் வாயில் வைக்கவே கூடாது, கருவுக்கு ஆபத்து. கீரை, பூ, காய் மூன்றும் தாராளமாகக் கிடைக்கும்போது வேர் எதற்கு?

அந்தக் காரம்தான் வேண்டும் என்றால் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது. நம் கடுகைப் பச்சையாக அரைத்தால் எழும் காரமும் குதிரை முள்ளங்கியின் காரமும் ஒரே பொருளால் வருவது. அரைக்கும்போது கடுகில் உள்ள நொதி தண்ணீரோடு சேர்ந்து வேலை செய்து அந்தக் காரத்தை உண்டாக்குகிறது. சூடு பட்டால் நொதி செத்துப்போகும். தாளித்த கடுகு மூக்கில் ஏறாததற்குக் காரணம் இதுதான்.

ஒரு கரண்டிக் கடுகைப் பச்சைத் தண்ணீர் தெளித்து அரைத்து, சில நிமிடம் விட்டு, உப்பும் சிறிது காடியோ எலுமிச்சைச் சாறோ சேர்க்கவும். புளிப்பு, காரம் சீக்கிரம் போகாமல் காக்கும். வாழை வெட்டிய பின் கிடைக்கும் தண்டைப் பொடியாக நறுக்கி, தயிரில் போட்டு, இதைக் கலந்தால் பச்சடி ஆயிற்று.

மரத்தைக் காப்பது

முருங்கைக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது. வயல் ஒட்டிய வீடுகளில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வேர் அழுகி மரம் சாய்வது இதனால்தான். மண்ணை அணைத்து மேடாக்கி நட வேண்டும். மரமுருங்கைக்கு 100 முதல் 150 செ.மீ. நீளப் போத்து போதும்.

விதை போடுவோருக்கு, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கை உண்டு. இரண்டரை மீட்டர் இடைவெளி, 45 செ.மீ. நீள, அகல, ஆழக் குழி. செடி 75 செ.மீ. வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கும். ஆறு மாதத்தில் காய் வரும். காய்ப்பு முடிந்ததும் தரையில் இருந்து 90 செ.மீ. விட்டு வெட்டினால் மறுதாம்பு துளிர்க்கும். உயரம் குறைவதால் ஆனி, ஆடிக் காற்றுக்குக் கிளை முறிவதும் குறையும். வீட்டுப் பெண்கள் ஏணி இல்லாமலே கீரை பறிக்கலாம்.

வாசகர் கேள்வி

*கேள்வி:* புறவாசல் முருங்கையில் கம்பளிப்புழு அப்பிக் கிடக்கிறது. மருந்து அடிக்கலாமா?

*பதில்:* கீரை பறிக்கும் மரத்துக்கு நஞ்சு மருந்து வேண்டாம். பகலில் புழுக்கள் அடிமரத்தில் கூட்டமாக ஒதுங்கும். அப்போது தீப்பந்தத்தைப் பட்டை கருகாதபடி வேகமாகக் காட்டி அழிக்கலாம். கூரை வீடு, வைக்கோல் படப்பு அருகில் இருந்தால் தீ வேண்டாம். நீளக் கம்பில் கட்டிய பழந்துணியால் வழித்து, சோப்புத் தண்ணீர் வாளியில் தள்ளவும். புழுவின் முடி தோலில் பட்டால் அரிக்கும். கையை மூடிக்கொண்டு செய்யவும்.