பனி விழாத ஊரில் பனி உருண்டை



நம்ம பெரியமடுவில் பல வீட்டுச் சோகேஸில் ஒரு கண்ணாடி உருண்டை இருக்கும். உள்ளே கஃபா, இல்லாட்டி டுபாயின் புர்ஜ் கலீஃபா. குலுக்கினால் வெள்ளைத் துகள் பறந்து மெல்ல இறங்கும். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று கேட்டது: "சேர், மக்காவில பனி கொட்டுமா?" நல்ல கேள்விதான். கொட்டாது.

இந்த உருண்டை பனிநாட்டுப் பொருள். ஒஸ்ரியாவின் வியன்னாவில் எர்வின் பெர்சி என்பவர் சத்திரசிகிச்சைக் கருவிகள் செய்பவர். மின்குமிழின் வெளிச்சத்தைக் கூட்டுவதற்காக, நீர் நிரப்பிய கண்ணாடிக் குமிழுக்குள் ஏதேதோ போட்டுப் பார்த்தார். ஒருநாள் ரவை போட்டார். வெளிச்சம் கூடவில்லை, ஆனால் பனி விழுவதுபோல இருந்தது. உள்ளே சின்னத் தேவாலயம் ஒன்றை வைத்து 1900ஆம் ஆண்டளவில் காப்புரிமையும் எடுத்தார். அவருடைய குடும்பம் இன்றும் அதையே செய்கிறது. நம்ம வீட்டில் கஞ்சிக்குப் போடுகிற அதே ரவை!

வகுப்புக்கு புர்ஜ் கலீஃபா உருண்டையைக் கொண்டுவந்த பிள்ளையின் உம்மா டுபாயில் வீட்டுவேலை செய்கிறா. போய் மூன்று வருசம். "உம்மா இதுக்குள்ள ஏறிப் பார்த்தாவா?" என்று கேட்டேன். "இல்ல சேர், ஜன்னல் துடைக்கக்குள்ள தூரத்தில தெரியுமாம்" என்றாள். சுற்றுலாப் போனவர்கள் வாங்கும் ஞாபகச் சின்னம் என்று கடைக்காரன் நினைத்திருப்பான்.

1990 ஒக்டோபரில் எங்கட சனம் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு புத்தளம் போனபோது ஞாபகச் சின்னம் எடுக்க யாருக்கும் நேரமில்லை. எங்கட மூத்தம்மாவின் கையில் வந்தது ஒரு பாக்குவெட்டி. கடைசிவரை அதை யாருக்கும் கொடுக்கவில்லை. வெற்றிலை விட்ட பிறகும்கூட.

அதனால் பிள்ளைகளிடம், நம்ம ஊரை உருண்டைக்குள் வைத்தால் என்ன வைப்பீர்கள், வரைந்து காட்டுங்கள் என்றேன். குளம், பள்ளிவாசல், வயல், மாடு எல்லாம் வந்தது. பனிக்குப் பதிலாக ஒருவன் புழுதி போட்டான், இன்னொருவன் மாரி மழை. டுபாய் உருண்டைக்காரி வீட்டு வாசலில் உம்மாவை நிறுத்தியிருந்தாள். மேலிருந்து ஒன்றும் விழவில்லை.

வெளிநாட்டிலிருந்து வரப்போகிற சகோதரிகளே, உருண்டையைக் கைப்பையில் வைக்காதீர்கள். உள்ளே இருப்பது தண்ணீர். 100 மில்லிலீற்றருக்கு மேல் என்றால் எயார்போட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். நல்ல துணியில் சுற்றி பெரிய பெட்டிக்குள் போடுங்கள். பிள்ளை காத்திருக்கும்.