ஊரறிந்த பிள்ளை

ரப்பர் தோட்டத்தில் ஒருவரைப் பார்த்து ‘நீ யார்?’ என்று யாரும் கேட்டதில்லை. நாலாவது லயத்துக் கடைசி வீட்டுப் பையன் என்றால் போதும். அவன் தகப்பன் எந்த நிரையில் பால் வெட்டுகிறார், பாட்டன் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்பது வரை சொல்லிவிடுவார்கள். காலையில் ஆள் எடுக்கும் பெரட்டில் மேற்பார்வைத் தண்டல் பெயரைக் கூப்பிடுவார், செக்ரோல் பேரேட்டில் எழுத்தரான கிராணி ஐயா குறித்துக்கொள்வார். அதற்கு மேல் ஓர் அத்தாட்சி எதற்கு என்றுதான் எங்கள் பெற்றோர் இருந்தார்கள். ரந்தாவ், சிலியாவ், லிங்கி, லாபு, பகாவ் என்று மலேசியாவின் நெகிரி செம்பிலானில் நான் பழகிய பக்கமெல்லாம் இதே நினைப்புதான்.

ஐசி என்று நாங்கள் சொல்லும் அடையாள அட்டை இந்த நாட்டுக்குள் பயத்தோடுதான் வந்தது. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவித்தார்கள். அதே ஆண்டு, 12 வயது நிறைந்த எல்லாரும் படமும் பெருவிரல் ரேகையும் கொடுத்து அட்டை எடுக்க வேண்டும் என்று ஆனது. காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்ட் போராளிகள் அதைப் பிடுங்கிக் கிழித்தார்கள். ரோட்டை மறித்த போலீஸ்காரர்கள் அதைக் காட்டச் சொன்னார்கள். பால்வெட்டுக்குப் போன என் அம்மா இரண்டு பக்கமும் பயந்து, அட்டையைச் சேலை முந்தியில் முடிந்து வைத்திருந்ததாகச் சொல்வார். கடலுக்கு அப்பால் இலங்கையில், அதே 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டங்களில் இருந்த நம் சனங்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. எங்களுக்கு அப்படி ஒரேயடியாக நடக்கவில்லை. இங்கே ஒவ்வொரு குடும்பமாக, கவனிப்பாரில்லாமல் நடந்தது.

1957-இல் சுதந்திரம் வந்தபோது குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்களுக்குப் பின்னர் குடிமக்களுக்கான நீல ஐசி கிடைத்தது. ‘என்னைக்கோ ஒருநாள் ஊருக்குப் போகத்தானே போறோம்’ என்றிருந்தவர்களிடம் நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐசி தங்கிவிட்டது. 1968-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று சட்டம் வந்ததும் அந்தச் சிவப்பின் கனம் தெரிந்தது. ஆயிரக்கணக்கானோர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். என்னோடு பந்தடித்தவர்கள் தகரப் பெட்டியோடு ரஜூலா கப்பலுக்குப் போனார்கள். அவர்களில் பலர் இந்த மண்ணைத் தவிர வேறு மண்ணை மிதிக்காதவர்கள். அதை இன்று நினைத்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

எண்பதுகளில் நான் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர். ஆறாம் வகுப்பில் 12 வயது நிறைந்த பிள்ளைகளை ஐசி எடுக்க அனுப்பிவைப்போம். ஒரு பையனிடம் சூராட் பெரானாக், அதாவது பிறப்புப் பத்திரம், இல்லை. லயத்து வீட்டில் பிறந்தவன்; தொப்புள்கொடி அறுத்த மருத்துவச்சிப் பாட்டி காலமாகிவிட்டார். அவன் தகப்பன் வேறு தோட்டம் தேடிப் போனவர், திரும்பவே இல்லை. ‘நம்ம புள்ளைய யாருக்குத் தெரியாது, வாத்தியாரே? கூட்டியாந்து காட்டுனா போதாதா?’ என்றார் அந்தப் பையனின் தாய். அந்த அக்கா கேட்டதில் என்ன தப்பு? ஆனால் சிரம்பான் பதிவு அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு எங்கள் லயம் தெரியாதே.

அப்போதுதான் பயிற்சி முடித்து வந்தவன் நான். சட்டம் தெரிந்தால் எல்லாக் கதவும் திறக்கும் என்று நம்பிய வயது. கதவைத் திறந்தது ஆயாக் கொட்டகை. விடியுமுன் பால்வெட்டுக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அங்கிருந்த ஆயாம்மா, பால்மாவு கரைத்த கணக்கைக் காட்ட ஒரு நோட்டு எழுதிவந்தார். பிள்ளை சேர்ந்த தேதி, தாயின் பெயர், எத்தனை மாதக் குழந்தை என்று எல்லாம் கொட்டை எழுத்தில். கரையானுக்குப் பயந்து அந்த நோட்டுகளைப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். யாரும் கேட்டு அவர் அப்படிச் செய்யவில்லை.

அந்த நோட்டு, பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, கிராணி ஐயாவின் கடிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சிரம்பானுக்குப் போனோம். ஆயாம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து சத்தியப் பிரமாணம் செய்தார். அங்கிருந்த மலாய் அதிகாரிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பக்கத்து மேசைத் தமிழரைக் கூப்பிட்டு, வரிவரியாக வாசிக்கச் சொல்லிப் பொறுமையாகக் கேட்டார். ‘காக் (அக்கா), உட்காருங்கள், அவசரமில்லை’ என்று அந்த அக்காவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். அன்றைய சட்டப்படி, பெற்றோரில் ஒருவராவது நிரந்தரவாசியாக இருந்தால், இங்கே பிறந்த பிள்ளை குடிமகன். அக்காவின் சிவப்பு ஐசி மகனுக்கு நீல ஐசி வாங்கிக் கொடுத்தது. 1990-இல் பன்னிரண்டு இலக்க எண் வந்தபோது, பிறந்த தேதிக்கு அடுத்தபடி அவனுக்கும் 05 என்று விழுந்தது. நெகிரி செம்பிலானில் பிறந்தவன் என்பதற்கு அந்த இரண்டு இலக்கம் அத்தாட்சி.

எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. நீலாய், லாபு பக்கமெல்லாம் பால்மரமும் செம்பனையும் நின்ற இடத்தில் வீடமைப்புத் திட்டங்கள் எழும்பின. தோட்டம் கலைந்தபோது கிராணி ஒரு பக்கம், தண்டல் ஒரு பக்கம், மருத்துவச்சி ஒரு பக்கம் என்று சாட்சிகளும் கலைந்துபோனார்கள். ஊரே அறிந்த பிள்ளைக்கு ஊர் இல்லாமல் போனது. பத்திரம் இல்லாதவர்களைத் தேடிப் பதிவு செய்ய 2011-இல் மைடஃப்தார் என்ற இயக்கத்தை அரசாங்கம் நடத்தியபோது, நரைத்த தலையோடு முதல் அட்டைக்கு வரிசையில் நின்றவர்களைப் பார்த்தேன்.

இன்றும் வரும் சிக்கலில் பாதி, கல்யாணத்தைப் பதியாததால் வருவது. 1982 மார்ச் 1 முதல் திருமணப் பதிவு கட்டாயம். கோயிலில் தாலி கட்டியதோடு விட்டுவிட்டால், சட்டம் பிள்ளையைத் தாயின் வழியில்தான் பார்க்கும். தாயிடம் காகிதம் இல்லையென்றால், தகப்பன் கையிலிருக்கும் நீல ஐசியும் பிள்ளைக்கு உதவாது. மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆயிரக்கணக்கில் வெள்ளி செலவழிக்கிற வீட்டிலும் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். பொறுக்க முடியவில்லை எனக்கு.

யாராவது கூப்பிட்டால் இந்த வயதிலும் பதிவு அலுவலகத்துக்குக் கூடப் போகிறேன். பல நேரம் கடைசியில் கைகொடுப்பது பழைய பள்ளிப் பதிவேடுதான். தோட்டத்துப் பள்ளிகள் பல, பட்டணத்துக்கு இடம் மாறிவிட்டன, இன்னும் மாறுகின்றன. தலைமையாசிரியர்களே, மூட்டை கட்டும்போது அலமாரியின் அடித்தட்டையும் ஒருமுறை பாருங்கள். அட்டை கிழிந்த சேர்க்கைப் பதிவேடுகள் அங்கேதான் கிடக்கும். அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.