அறுநூறு ரூபாய் பனியன்

தம்பி ஒரு ராத்திரி கறுப்புப் பனியன் ஒன்றைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தான். நெஞ்சில் நீல நிறத்தில் ஒரு பறை, அதற்குக் கீழே பாட்டுக் குழுவின் பெயர். கானாவும் பறையும் சேர்ந்த கச்சேரி ஒன்றுக்குப் போனவன், வெளியே மேசை போட்டு விற்றதை வாங்கியிருக்கிறான். விலையைக் கேட்டதும் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டது.

"இன்னாடா இது, பனியனுக்கு அறநூறு ரூபாயா? எம்.சி. ரோட்டுல நூத்தம்பதுக்குக் கூவிக் கூவி விக்கிறான். பறை படம் போட்டா துணி கெட்டியாயிடுமா?"

தம்பி கன்டெய்னர் யார்டில் ஒப்பந்தக் கூலி. அறுநூறு ரூபாய் என்றால் அவனுக்கு ஒரு நாள் உடம்பு. எர்ணாவூர் தெருவில் அந்தப் பணத்துக்குக் கணக்கு உண்டு: அரை மாசத்துக் காய்கறி, இல்லையென்றால் சீட்டுப் பணத்தில் பாதி. அம்மா கேட்டதில் தப்பே இல்லை.

நானும் சேர்ந்துகொண்டேன். எம்.ஏ. தமிழ் படித்த திமிர், இயக்கத்தில் இருக்கிற திமிர். "நம்ம வலிய நமக்கே விக்கிறாங்கடா. போராட்டத்தைச் சந்தையாக்குறதுக்குப் பேரு பண்பாட்டு அரசியலா?" என்று அரைமணி நேரம் பேசினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னான். "அண்ணா, இருவது வயசு வரைக்கும் சினிமா ஹீரோ படம் போட்ட பனியனத்தான் போட்டுகினு சுத்துனேன். அப்பல்லாம் நீ ஒண்ணும் கேக்கல."

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. பிறகு யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்க அப்பா கானா பாடினவர். சாவு வீட்டில், பிணம் எடுப்பதற்கு முந்தின ராத்திரி, டோலக்குச் சத்தத்தில் விடிய விடியப் பாடுவார். பாட்டு பிடித்துப்போனால் செத்தவரின் சொந்தக்காரர்கள் எழுந்து வந்து, பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டை அவர் சட்டையில் ஊக்கால் குத்துவார்கள். விடியற்காலையில் வீட்டுக்கு வந்ததும் அம்மா நோட்டுகளைப் பிரித்தெடுத்து அரிசிக்கு வைக்கும், ஊக்குகளை ஒரு பவுடர் டப்பாவில் போடும். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் குரலை யாரும் பதிவு செய்யவில்லை. அவர் பாடிய கச்சேரிகளுக்கு ஞாபகம் என்று எங்கள் வீட்டில் இருப்பது அந்த டப்பா ஊக்குதான்.

அம்மா அன்றைக்குச் சொன்னதில் இதுவும் ஒன்று: "உங்கப்பன் பாடுனப்ப சட்டையில காசு குத்துனாங்க. இப்ப காசு குடுத்து சட்டைய வாங்கிகினு வரானுங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற உறவு எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டுமே கேட்கிறவன் நேராகப் பாடுகிறவனுக்குக் கொடுக்கிற காசு.

சென்னையில் கச்சேரியும் 'சுவனீரும்' புதிதாக வந்ததல்ல. 1927 காங்கிரஸ் மாநாட்டின் தொடர்ச்சியாக 1928-இல் மியூசிக் அகாடமி தொடங்கியது. மார்கழி தோறும் சபாக்கள் ஆண்டு மலர் போடுகின்றன. அந்த மலரைப் புரட்டிப் பாருங்கள்: பக்கத்துக்குப் பக்கம் கம்பெனி விளம்பரம், வங்கி விளம்பரம், நகைக்கடை விளம்பரம். ஒரு பக்க விளம்பரத்துக்கு ஒரு கம்பெனி கொடுப்பது சபாவின் செலவுக்குப் போகிறது. அதை யாரும் கலையை விற்பது என்று சொல்வதில்லை, புரவலர் என்கிறார்கள்.

நம் பாட்டுக்கு அப்படிப்பட்ட புரவலர் ஏது? 2017-இல் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை உருவாக்கினார்கள். பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சாதிபேதமற்ற தமிழர் என்ற சிந்தனையிலிருந்து வந்தது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. சாவு வீட்டுத் தெருவில் நின்ற பாட்டு மேடை ஏறியது. ஆனால் மேடை, ஒலிபெருக்கி, விளக்கு, வண்டி வாடகை எல்லாம் காசு.

பாட்டைப் போனில் கேட்டால் காசு வந்துவிடும் என்று நினைக்கிறோம். 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்ட பாட்டு. அதிலிருந்து தனக்கும் அறிவுக்கும் தீக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் வெளிப்படையாகச் சொன்னார். அத்தனை பெரிய பாட்டுக்கே அந்தக் கதி என்றால், பேர் தெரியாத கானாப் பையனுக்கு என்ன கிடைக்கும்? மேசையில் விற்கும் பனியன்தான் அவனுடைய விளம்பரப் பக்கம். அவனுடைய ஊக்கு.

பனியன் அச்சடிக்கிற தோழர் ஒருவரிடம் விலையைப் பற்றிக் கேட்டேன். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் செய்ய வேண்டும். பத்தாயிரம் பனியன் அடித்தாலும் அதே ஸ்கிரீன், நூறு அடித்தாலும் அதே ஸ்கிரீன். எம்.சி. ரோட்டு விலைக்கு நூறு பனியன் போடுகிற குழு கொடுக்க முடியாது என்றார். கணக்கு விளங்கியது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்கள்மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் தன் புத்தகத்தில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்கள் அடிபட்டார்கள். அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாயின. அதில் ஒன்று, கல்யாணத்தில் மேளம் வைக்கக் கூடாது என்பது.

பனியனும் கூடாது, மேளமும் கூடாது. என் தம்பி பறை படம் போட்ட பனியனோடு எர்ணாவூர் மேம்பாலத்தில் ஏறி இறங்குகிறான். நூறு வருசம்கூட ஆகவில்லை. இதற்கு அறுநூறு ரூபாய் அதிகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்காக விற்கிறதெல்லாம் விடுதலை என்று சொல்ல மாட்டேன். கண்ணாடி அலமாரியில் வைக்கச் சின்னஞ்சிறு பறை விற்கிறார்கள். அதில் தோலும் இல்லை, சத்தமும் இல்லை. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்து உதை வாங்கினவர்கள் நம் ஊர்களில் உண்டு. அதே பறையை விடுதலை இசை என்று மீட்டு எடுத்தவர்களும் உண்டு. அந்த இரண்டு கதையும் தெரியாதவன் வரவேற்பறையில் அது பொம்மையாகத் தொங்குவதற்கு நான் காசு தர மாட்டேன். பனியனுக்கும் எனக்குக் கேள்வி இருக்கிறது. இந்தக் காசில் டோலக்கு அடித்த பையனுக்கு எவ்வளவு? திருப்பூரில் இதைத் தைத்த பெண்ணுக்கு என்ன கூலி? மேசைக்குப் பின்னால் நிற்கிற தோழர்கள் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்ல வேண்டும். சொன்னால் வாங்குவோம். சொல்லாவிட்டால் அதுவும் இன்னொரு கடைதான்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வெள்ளத்தோடு ஆலைக் கழிவு எண்ணெயும் எங்கள் பகுதிக்குள் புகுந்தது. சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு. பாய், தலையணை, என் புத்தகங்கள் எல்லாம் பிசுபிசுவென்று குப்பைக்குப் போயின. பறை பனியனும் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. அதையும் தூக்கிக் குப்பைமேல் போட்டேன். அம்மா திரும்ப எடுத்து வந்து, மண்ணெண்ணெய் விட்டு, சோப்புப் போட்டு, மூன்று தடவை அலசியது. கறை முழுசாகப் போகவில்லை.

"வுடும்மா, வேற வாங்கிக்கலாம்" என்றேன்.

"அறநூறு ரூபா பனியன்டா. உங்கொப்பன் வூட்டுக் காசா?" என்று கொடியில் உதறிப் போட்டது.

தம்பி இப்போதும் அதைத்தான் போட்டுக்கொண்டு கச்சேரிக்குப் போகிறான்.